எழுபது அடி வலைக்கூண்டு

புங்குடுதீவில் சொஃப்ற்போல் என்றால் ரெனிஸ் பந்தில் ஆடுகிற கிரிக்கெட். பத்திரிகையில் அதை மென்பந்து என்று எழுதுவார்கள். தோல்பந்தில் ஆடுவது கடினபந்து. இதைத் தவிர அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கும் என்று நாற்பது வயது வரை நான் நினைத்ததில்லை. அதனால்தான் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து அண்ணர் எடுத்து, "பிள்ளை சொஃப்ற்போலுக்குச் சேர்ந்திட்டாள், வின்ரருக்கு அடிச்சுப் பழக ஒரு இடம் பார்" என்று சொன்னபோது, மார்க்கம் நகரில் இருந்த நான் இரண்டு கிழமை கிரிக்கெட் வலை வாடகைக்கு விடும் இடங்களையே தேடினேன். பெறாமகள் ஆடுவது பேஸ்போலின் உடன்பிறப்பான சொஃப்ற்போல், அதற்கு வேண்டியது பற்றிங் கேஜ் என்கிற வலைக்கூண்டு என்பது பிறகுதான் விளங்கியது. ஆனால் அந்த இரண்டு கிழமை வீண்போகவில்லை. கிரிக்கெட் வலையும் பேஸ்போல் கூண்டும் பல இடங்களில் ஒரே கூரையின் கீழ், ஒரே கம்பியில் தொங்குகின்றன. இதை எங்கள் ஆட்களும் அறியவில்லை, பேஸ்போல் ஆடும் வெள்ளைக்காரக் குடும்பங்களும் அறியவில்லை. குளிர் நாட்டில் மட்டை பழக இடம் தேடும் எவருக்கும் உதவும் என்று, கண்டதையும் படித்ததையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

ரொறன்ரோவில் ஐப்பசி முடியும்போது மைதானங்கள் மூடப்படும். அடுத்த சித்திரை கடைசியில் அல்லது வைகாசியில்தான் மண் காய்ந்து திறக்கும். ஏறத்தாழ ஆறு மாதம். தை மாத இரவுகளின் சராசரிக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே ஏழு பாகை அளவில் நிற்கும். ஓட்டத்தையும் உடற்பலத்தையும் வேறு வழிகளில் காப்பாற்றலாம். பந்து வருகிற கணத்தோடு கண்ணும் கையும் இசைகிற அந்தத் தாளத்தை அப்படிக் காப்பாற்ற முடியாது. ஆறு மாதம் பந்தைக் காணாத கண் வைகாசியில் பிந்தித்தான் விழிக்கும்.

இதில் நான் வியந்த செய்தி ஒன்று. சொஃப்ற்போல் பிறந்ததே குளிரில், ஒரு அறைக்குள். 1887 கார்த்திகையில், நன்றி நவிலல் நாளன்று சிக்காகோவின் ஃபராகட் படகுக் கழகத்தில் கூடியிருந்த இளைஞர்களில் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிந்தார். இன்னொருவர் அதைத் தடியால் திருப்பி அடித்தார். ஜோர்ஜ் ஹான்கொக் என்பவர் அந்தக் கையுறையை இறுகக் கட்டிப் பந்தாக்கி, தரையில் கோடு கீறி, விதிகளும் எழுதினார். முதலில் அதன் பெயரே உள்ளரங்க பேஸ்போல். குளிர்காலத்தில் அறைக்குள் ஆடத் தொடங்கிய ஆட்டம் பிறகுதான் புல்வெளிக்குப் போனது. குளிர்காலத்தில் சொஃப்ற்போலுக்கு ஒரு மண்டபம் கேட்பது அந்த ஆட்டத்தைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போவதுதான்.

ரொறன்ரோவுக்கும் இந்தப் பனியோடு பழைய கணக்கு உண்டு. புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணி தன் முதல் ஆட்டத்தை 1977 சித்திரை மாதம், ஏப்ரல் 7ஆம் திகதி, பனி மூடிய எக்ஸிபிஷன் மைதானத்தில் ஆடியது. ஐஸ் ஹொக்கித் தளத்தை வழிக்கும் வண்டியைக் கொண்டுவந்துதான் தரையைத் துப்புரவாக்கினார்கள். சிக்காகோ வைட் சொக்ஸை அன்று 9-5 என்று வென்றார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1989இல், திறந்து மூடும் கூரையுள்ள ஸ்கைடோம் வந்தது. 1992இலும் 1993இலும் அந்த அணி உலகத் தொடரை வென்றபோது இங்கே வந்திறங்கிக் கொண்டிருந்த எங்கள் குடும்பங்கள் பல, விதி ஒன்றும் விளங்காமலே தொலைக்காட்சிக்கு முன் இருந்து கைதட்டின. அந்த வீட்டுப் பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இன்று கூண்டு தேடுகிறார்கள்.

கூண்டு என்பது என்ன? நீளமான ஒரு வலைச்சுரங்கம். வழக்கமான நீளம் 55 அடி அல்லது 70 அடி, அகலம் 12 முதல் 14 அடி, உயரம் 12 அடி. வலைக்கண் ஒன்றேமுக்கால் அங்குலம். கண், நூல் என்று வலைக்காரர் பேசும் பேச்சு எங்கள் ஊரவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. களங்கண்டி என்கிற மீன்வலை கட்டிய குடும்பத்துப் பிள்ளைக்கு நூலைத் தொட்டதும் தெரியும். நைலோன் வலை நெடுநாள் உழைக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சிய ஈரம் உறையும். பொலிஎதிலீன் வலை நீரை ஏற்காது. எந்த வலையானாலும் கனடாவில் வெளியே தொங்கவிட்டபடி குளிர்காலத்தைத் தாண்டவிடக்கூடாது. வலையில் பனி பிடித்து ஐஸாக இறுகினால் பாரம் தாங்காமல் கம்பம் வளையும். வெளிக்கூண்டு உள்ளவர்கள் கார்த்திகைக்கு முன் வலையைக் கழற்றிச் சுருட்டி வைக்கிறார்கள்.

நீளத்தைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லவேண்டும். வளர்ந்தவர்களின் பேஸ்போலில் பந்தெறிபவர் நிற்கும் தூரம் 60 அடி 6 அங்குலம். பெண்களின் வேகச் சொஃப்ற்போலில் 43 அடி. கிரிக்கெட்டில் விக்கெட்டுக்கு விக்கெட் 66 அடி. 70 அடிக் கூண்டில் கிரிக்கெட் துடுப்பாட்டம் பழகலாம், ஆனால் வேகப்பந்து வீச்சாளர் ஓடிவர இடமில்லை; இயந்திரம் எறியவேண்டும், அல்லது ஒருவர் நின்ற இடத்திலிருந்தே எறியவேண்டும். மறுபக்கம், ஓடிவர இடம்விட்டுக் கட்டிய கிரிக்கெட் வலையில் சொஃப்ற்போல் அடிக்க இடம் தாராளமாக மிஞ்சும். ஆகவே பேஸ்போல் கூண்டு கிடைக்காத ஊரில் கிரிக்கெட் உள்ளரங்கைக் கேட்பது புத்திசாலித்தனம்.

முழு நீளம் கிடைக்கவில்லை என்று கவலைப்படவும் தேவையில்லை. கணக்குப் பார்த்தால் விளங்கும். மணிக்கு 90 மைல் வேகப் பந்து 60 அடியைக் கடக்க ஏறத்தாழ 0.45 செக்கன். மணிக்கு 60 மைல் வேகப் பந்து 40 அடியைக் கடக்கவும் அதே 0.45 செக்கன். காற்றில் வேகம் சற்றுக் குறைவதை இரண்டிலும் விட்டுவிட்டுச் சொல்கிறேன். அடிப்பவரின் கண்ணுக்குக் கிடைக்கும் அவகாசம் ஒன்றுதான். நாற்பது அடி மண்டபம் ஒன்று இருந்தால் வேகத்தைக் குறைத்து வைத்து அதே பயிற்சியைப் பெறலாம். இதைத் தெரியாமல், "இடம் சின்னன்" என்று நல்ல மண்டபங்களை ஒதுக்கிவிட்டுப் போகிறவர்கள் பலர். சுழற்பந்தையோ வளைபந்தையோ பழகுவதற்கு மட்டும் இந்தச் சுருக்கம் உதவாது. பந்து வளைவதற்குத் தூரம் வேண்டும்.

எறியும் இயந்திரத்துக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட கதை உண்டு. பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்துக் கணித ஆசிரியர் சார்ள்ஸ் ஹின்ரன் 1897இல் வெடிமருந்தின் விசையால் பந்தெறியும் துப்பாக்கி போன்ற ஒன்றைச் செய்தார். நான்காவது பரிமாணத்தைப் பற்றி எழுதிய அதே ஹின்ரன்தான். வெடிச்சத்தம் மாணவர்களைப் பயமுறுத்தியது, அது நிலைக்கவில்லை. பிறகு கைபோல் சுழன்று எறிகிற இயந்திரம் வந்தது. 1970களில் சுழலும் ரயர்களுக்கிடையே பந்தைச் செலுத்துகிற வகை பரவியது. இன்று பெரும்பாலும் இதுதான். இங்கே சொஃப்ற்போல் பெற்றோர் ஒன்றைக் கேட்டுத் தெளியவேண்டும். பேஸ்போல் பந்தின் சுற்றளவு 9 அங்குலம், பெரியவர்களின் சொஃப்ற்போல் பந்து 12 அங்குலம். ரயர்களின் இடைவெளியை மாற்றாமல் ஒன்றுக்குரியதில் மற்றதைப் போடமுடியாது. அதோடு, சொஃப்ற்போலில் பந்து இடுப்புக்குக் கீழிருந்து கையை வீசி எறியப்படுகிறது. தலைக்கு மேலிருந்து இறங்குகிற பந்தை மாதக்கணக்கில் அடித்துப் பழகிய பெண்பிள்ளைக்கு, ஆட்டத்தில் தாழ்வாக எழும்பி வருகிற பந்து புதிதாக இருக்கும். இயந்திரத்தின் வாயைத் தாழ்த்தி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் பையன்களுக்கு வைத்தபடியே இருக்கும்.

இனி இடங்கள். பொழுதுபோக்குத் திடல்களில் சில்லறை போட்டுப் பந்தடிக்கும் கூண்டுகள் குளிரில் மூடிக்கிடக்கும், அவற்றை விட்டுவிடலாம். காற்றூதிய பெரிய வெள்ளைக் கூடாரங்கள், டோம் என்று சொல்கிறோமே, அவற்றில் உதைபந்தாட்டக்காரருக்கே நேரம் போதாது. ஒரு மூலையில் வலை தொங்கவிட்டு மணித்தியாலக் கணக்கில் தருகிற டோம்களும் உண்டு, விலை கூட.

பெரும்பாலோர் கடைசியில் போய்ச் சேர்வது தொழிற்பேட்டைக் கட்டடங்களுக்கு. ஸ்காபரோ, மார்க்கம், பிக்கரிங் பக்கம் கார் திருத்துமிடத்துக்கும் தளபாடக் களஞ்சியத்துக்கும் நடுவே, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாத கதவு. உள்ளே செயற்கைப் புல், நாலைந்து கூண்டுகள், கூரையிலிருந்து ஊதும் வெப்பக் காற்று. பக்கத்துக் கட்டடத்தில் கிரிக்கெட் பயிற்சிக் கூடம் இருக்கும். ஆண்டின் தொடக்கத்தில் முழுப் பருவத்துக்கும் நேரத்தை மொத்தமாக எடுத்துவிடுகிற பெரிய கழகங்களுக்கே மாலை ஆறு மணியும் ஏழு மணியும் கிடைக்கும். தனிக் குடும்பமாகப் போனால் மிஞ்சிய நேரம்தான். பெறாமகளின் அணிக்கு ஓரிடத்தில் முதலில் தந்தது ஞாயிறு இரவு பத்து மணி. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகவேண்டிய பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அதே கூடத்தில் அதே வயதுப் பையன்களின் அணிக்குச் சனி காலை பத்து மணி. கேட்டதற்கு, அவர்கள் முந்திப் பதிந்துவிட்டார்கள் என்றார்கள். அது உண்மைதான். நேரம் முந்திப் பதிந்தவருக்குப் போகிறது, முந்திப் பதிகிற கழகங்கள் பெரும்பாலும் பையன்களுடையவை. பெண்பிள்ளைகளின் ஆட்டம் கடைசி நேரத்துக்குத் தள்ளப்படுவது யாரும் திட்டமிட்டுச் செய்ததால் அல்ல, எவரும் கவனிக்காமல் விட்டதால். அதனால்தான் மனம் கூடுதலாக நோகிறது.

என் கணிப்பில் முதலில் தட்டவேண்டிய கதவு பாடசாலை ஜிம். ஒன்ராரியோவில் பாடசாலை முடிந்த நேரத்தில் ஜிம்மை ஊர்ச்சங்கங்களுக்கும் கழகங்களுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். இலாபம் நோக்காத சங்கமாகப் பதிவும் பொறுப்புக் காப்புறுதியும் இருந்தால் வாடகை வணிகக் கூண்டைவிட மிகக் குறைவு. தொந்தரவுகளும் உண்டு. கோடையிலேயே விண்ணப்பிக்கவேண்டும், மார்கழியில் நினைத்துக்கொண்டு போனால் ஒன்றும் கிடைக்காது. பல ஜிம்களில் கடினமான பந்துக்கு அனுமதியில்லை. உள்ளரங்குக்கென்று செய்த மெதுமையான பந்தைத்தான் பாவிக்கலாம். கூரையிலிருந்து இறக்கும் தடுப்புவலை எல்லாப் பாடசாலையிலும் இல்லை. ஆனாலும் ஒரு மணித்தியாலத்தில் பதினாறு பிள்ளைகளை நாலு குழுவாகப் பிரித்து, ஒரு குழு கம்பத்தில் வைத்த பந்தை வலைக்குள் அடிக்க, ஒரு குழு பக்கத்திலிருந்து மெல்ல எறிந்த பந்தை அடிக்க, மற்றவர்கள் தரைப்பந்து பிடித்துப் பழகலாம். வணிகக் கூண்டில் அதே ஒரு மணித்தியாலத்தில் ஒருவர் அடிக்க மூவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

எங்கள் ஊரவருக்கு இது கைவராத காரியமா? பன்னிரண்டு வட்டாரமுள்ள தீவிலிருந்து வந்தவர்கள், போன இடமெல்லாம் சங்கம் வைத்தவர்கள். கனடாவில் புங்குடுதீவுப் பழைய மாணவர் சங்கம் 'பூவரசம் பொழுது' விழாவுக்கு மண்டபம் எடுத்து, ஒத்திகைக்கு இடம் எடுத்து, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேடையேற்றுகிறது. நடனத்துக்கும் பண்ணிசைக்கும் ஜிம் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு, கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் மட்டைக்கும் எடுப்பது புதிய வேலையல்ல. ஒரு மணித்தியாலம் மென்பந்துக் கிரிக்கெட் ஆடும் பையன்கள், அடுத்த மணித்தியாலம் சொஃப்ற்போல் ஆடும் பெண்பிள்ளைகள், வலை ஒன்று, காப்புறுதி ஒன்று. தைமாதத்தைக் கனடா தமிழ் மரபுரிமை மாதமாகக் கொண்டாடுகிறது; ஜிம் நேரத்துக்கு ஆட்கள் முட்டிமோதுகிற மாதமும் அதுதான்.

ஒரு தீவுச் சமூகம் இப்படிச் செய்தது முன்பே நடந்திருக்கிறது. அல்ஃப் கோவர் என்ற முன்னாள் இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் லண்டன் வொண்ட்ஸ்வேர்த்தில் உள்ளரங்கக் கிரிக்கெட் பள்ளி நடத்தினார். 1989இல் அது மூடப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அன்ரிகுவாத் தீவு மக்கள் காசு சேர்த்து இரண்டு இளைஞர்களை அங்கே பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒருவர் விவியன் ரிச்சர்ட்ஸ், மற்றவர் அன்டி ரொபேர்ட்ஸ். வெயிலில் வளர்ந்தவர்களைக் குளிர் நாட்டின் கூரைக்குள் அனுப்பிய அந்தத் தீவின் நம்பிக்கை என்ன தந்தது என்பதைக் கிரிக்கெட் பார்த்த எவரும் அறிவார்.

ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோவில் வேறு வழி கண்டார்கள். அங்கும் நிலம் மாதக்கணக்கில் பனிக்குள் கிடக்கும். உயர்நிலைப் பாடசாலை அணிகளின் கோடைக்காலப் பேஸ்போல் போட்டியான கோஷியெனில் வென்றவருக்குக் கொடுக்கும் செங்கொடி 2004 வரை அந்தத் தீவுக்குக் கடல் தாண்டி வந்ததே இல்லை. தொமாகொமாய் நகரத்துக் கொமாசாவா பாடசாலையின் பயிற்றுநர் கோடா யோஷிஃபுமி, பிள்ளைகளை மண்டபத்துக்குள் அடைத்து வைப்பதை நிறுத்தி, பனியை மிதித்து இறுக்கி அதன்மேலேயே பந்துபிடிக்கப் பழக்கினார். 2004இல் அவர்கள் வென்றார்கள், 2005இலும் வென்றார்கள். இதைப் படித்துவிட்டு நாங்களும் வெளியே அடித்துப் பழகலாம் என்று இறங்கவேண்டாம். அது தேர்ந்த பயிற்றுநரின் கண்பார்வையில் வளர்ந்த பையன்கள் செய்தது.

குளிரில் மட்டையையும் கவனிக்கவேண்டும். கலவைப் பொருளில் செய்த மட்டைகளை ஏறத்தாழ 15 பாகைக்குக் கீழே பாவிக்கவேண்டாம் என்று செய்பவர்களே எச்சரிக்கிறார்கள். குளிரில் பந்து இறுகும், மட்டையின் சுவர் நொறுங்கும் தன்மையடையும், வெடிக்கும். பல நூறு டொலர் பெறுமதியான மட்டையைக் காரின் பின்பெட்டியில் இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் கூண்டுக்குக் கொண்டுபோய் அடித்த முதல் அடியிலேயே கீறல் விட்டதை என் கண்ணால் கண்டேன். மட்டை வீட்டுக்குள் படுக்கவேண்டும். வெப்பமில்லாத கராஜில் பழகுவதென்றால் அலுமினிய மட்டையே போதும். கையில் ஏறும் அந்த விறுவிறுப்பான வலிக்குக் கையுறை கொஞ்சம் உதவும்.

கராஜும் பேஸ்மென்ரும் கூடப் பயிற்சிக் களந்தான். பேஸ்மென்ரின் கூரை தாழ்வு. மட்டையை முழுதாகச் சுழற்றினால் விளக்கு உடையும். முழங்காலில் நின்று ஒற்றைக் கையால் சின்ன மட்டையைச் சுழற்றிப் பழக அது போதும். கராஜில் ஒரு கம்பம், ஒரு பழைய கம்பளம், அதன்முன் ஒரு வலை. பிளாஸ்ரிக் பந்து. கிழமைக்கு நாலு நாள், நாளுக்கு ஐம்பது அடி. கிழமைக்கு ஒருதரம் காசு கொடுத்து இயந்திரத்துக்கு முன் நிற்பதைவிட இதையே நான் நம்புகிறேன். இயந்திரம் கண்ணைப் பழக்கும், கம்பம் உடம்பைப் பழக்கும். உடம்பு பழகாதவளுக்குக் கண் மட்டும் பழகி என்ன பயன்?

ஊரிலும் மட்டை ஆட்டம் கிரிக்கெட்டோடு முடிவதில்லை. தடியால் ரெனிஸ் பந்தை அடித்து வட்டம் ஓடுகிற எல்லேயை வடக்கின் பாடசாலைப் பெண்பிள்ளைகள் ஆர்வமாக ஆடுகிறார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அது பேஸ்போலுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. கொழும்புக்கு அருகே தியகமவில் ஜப்பானின் உதவியோடு கட்டிய பேஸ்போல் மைதானம் 2012இல் திறக்கப்பட்டது. 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பேஸ்போலும் சொஃப்ற்போலும் கிரிக்கெட்டும் ஒன்றாக வருகின்றன. எல்லே ஆடும் ஒரு தீவுப் பிள்ளைக்கு இந்த மூன்றில் எதுவும் அந்நியமல்ல. எங்கள் ஊரில் பனி கொட்டுவதில்லை, ஆனால் வடகீழ்ப் பருவமழை ஐப்பசியிலிருந்து மார்கழிவரை மைதானத்தைக் குளமாக்கும். அந்த மாதங்களில் அங்குள்ள பிள்ளைகளுக்கும் கூரை வேண்டும், வலை வேண்டும்.

போன மார்கழியில் பெறாமகளோடு ஊருக்குப் போனோம். குறிகாட்டுவானில் நயினாதீவுக்குப் படகு ஏறுகிறவர்களின் கூட்டம். வழிநெடுக வயலெல்லாம் வெள்ளம். தையில் அவளுக்குத் தெரிவுப் பயிற்சி இருந்தது. மட்டையைக் கொண்டு வந்திருந்தாள். அயலில் மீன்பிடிக்கிற ஐயா ஒருவரிடம் பழைய வலை கேட்டேன். என்னத்துக்கு என்றார், சொன்னேன். பந்தை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, வலையை இரண்டாக மடித்து, முற்றத்தில் இரண்டு பூவரசுக்கு இடையே கட்டினார். நான் அதை இழுத்து விறைப்பாக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"தொய்ய விடு தம்பி. இழுத்துக் கட்டினா பந்து அவளின்ரை முகத்துக்குத்தான் திரும்பி வரும். அடியையும் நிலத்திலை தவழ விடு."

ரொறன்ரோவில் ஒரு குளிர்காலம் முழுக்க நான் கராஜில் வலையை விறைப்பாகக் கட்டி, திரும்பி வந்த பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். பெறாமகள் முதல் பந்தை அடித்தாள். வலை அதை உள்ளே வாங்கி, மெல்ல நிலத்தில் விட்டது. வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெட்டையள் ஓடிப்போய் எல்லேத் தடியோடு திரும்பி வந்தார்கள்.